குறைந்த செலவில் டெஸ்க்டாப்: புதுசு வாங்கலாமா, இருப்பதையே தேற்றலாமா? கேள்வி பதில்

சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. 2025 கடைசியில் ராம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து போன மாதக் கோட்டேஷன் இந்த மாதம் செல்லுபடியாவதில்லை. அதனால் ரூபாய்க் கணக்கைவிட, எதற்கு முதலில் செலவழிக்க வேண்டும் என்பதற்கே இங்கே அழுத்தம்.

அம்பத்தூர் வாசகர்: சார், 2013-ல வாங்கின அசெம்பிள்டு சிஸ்டம். ஐ3 மூணாவது தலைமுறை, எச்61 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் முழுசா லோட் ஆகல. கடைக்காரர் புதுசு வாங்கிடுங்கங்கறார். பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ், பிரவுசர், வேர்ட், அவ்வளவுதான் வேலை.

பதில்: இந்த வேலைக்குப் புதுசு தேவையில்லை. முதலில் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஆன் செய்த முதல் ஐந்து நிமிடம் அதைத் திறந்தே வையுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்க, சிபியு 20, 30-ல் இருந்தால் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில்தான். மெமரி 90-ஐத் தாண்டினால் ராமும் போதவில்லை. உங்கள் விவரத்தைப் பார்த்தால் இரண்டும் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் உள்ளே இருக்கும் முள் இடம் மாறி நிற்க வேண்டும். விநாடிக்குச் சுமார் நூறு தடவைக்கு மேல் அதனால் முடியாது. எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்க்கில் நகரும் பாகமே கிடையாது. அந்த எண்ணிக்கை பல்லாயிரத்தில் போகும். உங்கள் எச்61 போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் பழைய 3 ஜிகாபிட் ரகம் என்பதால் விநாடிக்கு 270 எம்பி அளவில்தான் வேகம் கிடைக்கும். கவலைப்படாதீர்கள், நீங்கள் உணரப்போகும் வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை, முள் தேடும் நேரம் போய்விடுவதில் இருக்கிறது.

240 அல்லது 256 ஜிபி, 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, டிடிஆர்3 4 ஜிபி ராம் இன்னொன்று வாங்குங்கள். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை வாங்கிவிடாதீர்கள், உங்கள் போர்டில் அதற்கு இடமே இல்லை. போர்டில் ராம் ஸ்லாட் பெரும்பாலும் இரண்டுதான். இரண்டிலும் 4, 4 என்று போட்டால் 8 ஆகும். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி, பயாஸில் (ஆன் செய்ததும் நுழையக்கூடிய போர்டின் செட்டிங்ஸ்) சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பார்த்த பிறகே இன்ஸ்டால் செய்யுங்கள். ஐடிஇ மோடில் போட்டுவிட்டுப் பிறகு மாற்றினால் நீலத்திரை வரும். எல்லாம் முடிந்ததும் பழைய டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டிப் படம், டாக்குமென்ட்டை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் உங்கள் பிராசசர் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள், பின்னால் பெரிய அப்டேட்டுகளில் தொல்லை வரும். விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடுங்கள். பிரவுசர் வழி வகுப்பும் வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆபீசும் அதில் நன்றாக ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் அந்த மிஷினில் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

கொளத்தூர் வாசகர்: என் போர்டு டிடிஆர்3. டிடிஆர்4 ராம் மாட்டலாமா?

பதில்: முடியாது. நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், வோல்டேஜும் வேறு. அழுத்தி நுழைத்தால் ஸ்லாட் உடையும்.

வேளச்சேரி வாசகர்: பையன் இந்த வருஷம் இன்ஜினியரிங் சேர்றான். கோடிங், கொஞ்சம் கேம். கிராபிக்ஸ் கார்டு இப்போ வாங்க வசதி இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சுப் பாக்கலாம்னு. எந்த பிராசசர் எடுக்கறது?

பதில்: "ரெண்டு வருஷம் கழிச்சு" என்பது உறுதியா, வெறும் ஆசையா? பதில் அதைப் பொறுத்தே மாறும்.

கார்டு வாங்கவே போவதில்லை என்றால் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), உள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸில் சின்ன கேம்கள் ஓடும். ஆனால் அந்தக் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமில்தான் பங்கு கேட்கும். ஆகவே 16 ஜிபி ஒற்றைக் குச்சி போடக்கூடாது. 8, 8 என்று இரண்டாகப் போட்டால் இரண்டு பாதையில் டேட்டா ஓடி, கேமில் கண்ணுக்குத் தெரியும் அளவு வேகம் கூடும். நான்கு ஸ்லாட் போர்டாக இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டச் சொல்லுங்கள்.

கார்டு நிச்சயம் வரும் என்றால் ஐ5 12400 நல்லது. 5600ஜி-யில் பிராசசருக்குள் இருக்கும் கேஷ் மெமரி 16 எம்பிதான், கார்டுக்கான பிசிஐ பாதையும் மூன்றாம் தலைமுறை. பின்னால் நல்ல கார்டு போடும்போது அது கொஞ்சம் பின்னே இழுக்கும். கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கும் இன்டெல் பிராசசரை இப்போது எடுக்காதீர்கள். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டுவது நடக்கிறது.

பணம் இடித்தால் முதலில் வெட்ட வேண்டியது கலர் லைட் கேபினெட், அடுத்து கேமிங் கீபோர்டு மவுஸ், பிறகு 1 டிபி எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்குவது. எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்கவே கூடாது. கடைக்காரர் கோட்டேஷனில் "450 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் கம்பெனியும் மாடலும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் மூன்று வருட வாரண்டி வெறும் வாய்ப்பேச்சு.

வியாசர்பாடி வாசகர்: அண்ணா, இப்போ 450 வாட் லோக்கல் எஸ்எம்பிஎஸ் இருக்கு. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டா தாங்குமா? இல்லன்னா ஜிடி 1030 போதும்னு கடையில சொல்றாங்க.

பதில்: தம்பி, பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 450-ஐ நம்பாதே. பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தைப் பார். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது அந்த வரியிலிருந்துதான். அங்கே 14ஏ (ஆம்பியர்) என்று இருந்தால் 12 பெருக்கல் 14, மொத்தம் 168 வாட். அதுதான் உன்னிடம் உண்மையில் இருப்பது. தரமான 450 வாட் யூனிட்டில் இது 30 ஆம்பியருக்கு மேல் இருக்கும்.

3050-இல் 6 ஜிபி மாடல் சுமார் 70 வாட்தான் எடுக்கும். போர்டின் ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டுக்குள் அடங்குவதால் பெரும்பாலான கம்பெனிக் கார்டுகளில் தனி பவர் ஒயரே இருக்காது. கணக்குப்படி 168-இல் தப்பித்துவிடும். ஆனால் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் பாதுகாப்புச் சர்க்யூட்டைச் சுருக்கியிருப்பார்கள். அது செத்தால் போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 ப்ளஸ் என்ற மின்திறன் சான்று உள்ள 450 அல்லது 550 வாட் ஒன்றை முதலில் வாங்கு, கார்டு ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ஜிடி 1030 வேண்டாம். அதே பெயரில் ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என இரண்டு ரகம் உண்டு. இரண்டாவதின் மெமரி வேகம் விநாடிக்கு 16.8 ஜிபி, முதலாவதில் 48. பெட்டி மேல் சின்ன எழுத்தில்தான் இருக்கும். நல்ல ரகமே இன்றைய கேமுக்குத் திணறும்.

திருவல்லிக்கேணி வாசகர்: ரிச்சி தெருவுல ரீஃபர்பிஷ்டு டெல், எச்பி மிஷின் பாத்தேன். ஐ5 ஆறாவது தலைமுறை ஒண்ணு, ஐ3 எட்டாவது ஒண்ணு. ஐ5 தானே பெட்டர்?

பதில்: இல்லை, ஐ3 எட்டாவதை எடுங்கள். ஐ5 6500-இலும் நான்கு கோர், ஐ3 8100-இலும் நான்கு கோர். வேகமும் பக்கத்தில் பக்கத்தில்தான். முக்கியமான வித்தியாசம் விண்டோஸ் 11: இன்டெல்லில் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். முடிந்தால் ஐ5 8400 தேடுங்கள், அதில் ஆறு கோர்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பென்டிரைவில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, சிபியு-இசட் இரண்டும் எடுத்துப் போங்கள். முதலாவதில் டிஸ்க்கின் ஹெல்த் "குட்" என்று இருந்தால் மட்டும் போதாது; ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்து ரீஅலொகேட்டட், பென்டிங் செக்டர் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களின் கணக்கு) வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் வந்தால் அதை வேண்டாம் என்று சொல்லி, எஸ்எஸ்டி போட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டாவதில் பிராசசர் பெயரும், ராம் ஒரு குச்சியா இரண்டா என்பதும் தெரியும். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். பயாஸில் பாஸ்வேர்டு இருந்தால் நீக்காமல் வாங்காதீர்கள். முன்பு இந்த மிஷினை வைத்திருந்த அலுவலகம் போட்ட பாஸ்வேர்டை நீங்கள் எளிதில் எடுக்க முடியாது.

ஒல்லியான கேபினெட் பார்க்க அழகு, ஆனால் அதில் அரை உயரக் கார்டு மட்டுமே நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனியின் தனி வடிவம், அதன் கனெக்டர் பின்களும் வேறு. பழுதானால் அதே மாடலைத்தான் தேடி அலைய வேண்டும். மேலும் மாற்றும் எண்ணம் இருந்தால் உயரமான டவரை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

திருவொற்றியூர் வாசகர்: மூணு மாசத்துக்கு ஒருவாட்டி டிஸ்ப்ளே வராம பீப் சத்தம் மட்டும் வருது. ராமைக் கழட்டித் தேய்ச்சு மாட்டினா சரியாயிடுது. ராம் போயிடுச்சா? இன்னொண்ணு, செருப்பில்லாம கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு ஷாக் அடிக்குது.

பதில்: ராம் போகவில்லை. கடலோர உப்புக்காற்றும் ஈரமும் தொடுமுனையில் படலமாகப் படிகின்றன. பென்சில் ரப்பரால் லேசாக, ஒரே திசையில் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும். ஸ்லாட்டுக்குள் பிளோயர் அடித்தால் போதும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டே கை வைக்க வேண்டும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு அடி உயர ஸ்டூலில் வையுங்கள். தினமும் கொஞ்ச நேரம் ஓடும் மிஷினில் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் மூடிவைப்பதுதான் கெடுதல்.

ஷாக் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அது உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் இரைச்சலை வடிகட்டும் இரண்டு கெபாசிட்டர்கள் உண்டு. லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் ஒவ்வொன்று கேபினெட் உடம்புக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உடம்பு 230 வோல்ட்டில் பாதியளவில், 115 வோல்ட் பக்கம், மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரியும். ஆனால் அந்த நிலையில் டிவியோடு எச்டிஎம்ஐ ஒயரை மாட்டினால் போர்ட் கருகலாம். நிஜமான லைன் கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து.

எலக்ட்ரீஷியனிடம் அந்தப் பிளக்கில் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். லைன், எர்த் நடுவே 230 பக்கமும், நியூட்ரல், எர்த் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் வர வேண்டும். நீங்கள் இரண்டு பின் அடாப்டர் வழியே செருகியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

சௌகார்பேட்டை வாசகர்: கடையில டாலி கணக்கு சாப்ட்வேர், மூணு சிஸ்டம் நெட்வொர்க்ல. யுபிஎஸ் 600 விஏ போதுமா? பிரிண்டரையும் அதுலயே போடலாமா?

பதில்: 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். ஒரு டெஸ்க்டாப், ஒரு மானிட்டருக்குச் சரி. மூன்றுக்கும் ஒன்று என்று போடாதீர்கள். டேட்டா இருக்கும் சிஸ்டத்துக்குத் தனி யுபிஎஸ் கட்டாயம், மூன்றையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் அதிலேயே போடுங்கள். பில் போடும் நடுவில் கரண்ட் போனால் டேட்டா கெடுவது அங்கேதான். எஸ்எஸ்டியும் முதலில் அந்த ஒன்றுக்கு.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. சூடாகும்போது ஒரு நொடியில் பல நூறு வாட் இழுக்கும், யுபிஎஸ் ஓவர்லோடு ஆகி எல்லாமே அணையும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி நம் வெயிலுக்கு இரண்டு மூன்று வருடம் தாங்கும். மாதம் ஒருமுறை டாலியை மூடிவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைத்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யுபிஎஸ்ஸை மாற்ற வேண்டியதில்லை.