அண்ணன் கல்யாணத்துக்குச் சேலை, மேக்கப்: தோழிகள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பது?

வைகாசியில் அண்ணன் கல்யாணம், ரிசப்ஷன் சேலை இன்னும் எடுக்கவில்லை, நாலு தோழிகள் நாலு விதமாகச் சொல்கிறார்கள், ஒருத்தி முகம் பளிச்சென்று ஆக க்ரீம் ஒன்றும் கொடுத்திருக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த க்ரீம் விஷயத்தைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதுவரை அதைத் தொட வேண்டாம். ஏற்கெனவே பூச ஆரம்பித்திருந்தால் மட்டும் நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

நான் மதுரை, பழங்காநத்தம். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து தெப்பக்குளத்துக்காரி ஒருத்தி, திருமங்கலத்துக்காரி ஒருத்தி, நான் என்று மூன்று பேரும் சேர்ந்துதான் துணி எடுப்போம். எங்கள் மூன்று பேர் வீட்டுக் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

என் தங்கை கல்யாணத்துக்குத் தெற்கு மாசி வீதியில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை விரித்தார்கள். மேலே இருந்த விளக்கில் ஜரிகை அப்படி மின்னியது. எனக்குப் பிடித்துவிட்டது, திருமங்கலத்துக்காரிக்கும் பிடித்துவிட்டது. தெப்பக்குளத்துக்காரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. “அண்ணே, இதை வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போய்ப் பார்த்துக்கிறோம்” என்றாள். கடைக்காரப் பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு, இன்னொரு அரக்குச் சேலையையும் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு இறங்கி வந்தான்.

வாசல்படியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவள் முந்தியை என் தோளில் போட்டு, கரையைத் தாடைக்குக் கீழே வரை இழுத்துப் பிடித்தாள். பிறகு சேலையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். “சேலை நல்லாத்தான் இருக்கு. உன்னை எங்கடி காணோம்?” அடுத்து அரக்கை வைத்தாள். அதே பிடி, அதே பார்வை. “ம், இப்பத்தான் உன் கண்ணு தெரியுது.” அரக்கைத்தான் எடுத்தோம். இன்று வரை என் பீரோவில் நான் முதலில் கை வைக்கிற சேலை அதுதான்.

உங்கள் நாலு தோழிகளில் அப்படி முகத்தைப் பார்த்துச் சொல்கிறவள் யார் என்று கண்டுபிடியுங்கள். நிறம் விஷயத்தில் அவள் பேச்சு போதும். மற்றவர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்ததையே நமக்கும் சொல்வார்கள். எங்கள் திருமங்கலத்துக்காரி இளம் நிறங்களில்தான் மயங்குவாள், அவள் நிறத்துக்கு அது எடுப்பாகவும் இருக்கும். எனக்கு அதைக் கட்டினால் காய்ச்சலில் எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

ஆனால் துணியைத் தொட்டுச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டு என்றால் முதலில் சில்க் மார்க் லேபிளைத் தேடுவாள். வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் தொங்கும் இழை ஒன்றைப் பிய்த்துக் கொளுத்திப் பார்ப்பாள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியாக உருண்டுகொண்டால் செயற்கை இழை. நலங்குக்கும் பந்தக்கால் நடுவதற்கும் சுங்குடிச் சேலைதான் எடுக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவளும் அவள்தான். வைகாசி வெக்கையில் பருத்தியைப் போல ஒன்று உண்டா? மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சௌராஷ்டிர வீடுகளில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது என்றால் புள்ளிகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்காது, முடிச்சுப் போட்ட இடத்தில் துணி லேசாகச் சுருங்கி விரலுக்குத் தட்டுப்படும். இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது மெழுகு அச்சு வைத்துச் செய்வது. அதுவும் கட்ட நன்றாகத்தான் இருக்கும், விலை மட்டும் கைமுடிச்சு விலை கேட்டால் கொடுக்காதீர்கள். முதல் தடவை தனியாக உப்புத் தண்ணீரில் அலசுங்கள்.

ரிசப்ஷன் ராத்திரிதானே, வெயிலில் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். நியாயம்தான். வெயிலில் பார்ப்பது உங்கள் முகத்துக்கு ஒட்டுகிறதா என்று தெரிய. மண்டப விளக்குக்கு வேறு வழி உண்டு: கடைக்குள்ளேயே ஃப்ளாஷ் போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குள் போய்விட்டால், துணிக்கடைகள் இருக்கும் விளக்குத்தூண் பக்கம் கூட்டம் இருக்காது, இரண்டு முறை கீழே இறங்கி ஏறினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஜாக்கெட் தைக்க இருபது நாளாவது வையுங்கள். லைனிங் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகே கொடுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பில் சுருங்கி மேல் துணியைப் பிடித்து இழுக்கும். உள்தையலில் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிய காலத்தில் எங்கள் அம்மா அங்கேதான் கொடுப்பார். “மாலை போடுற மாதிரி ரெண்டு கையையும் தூக்கிப் பாரு” என்று அவர் சொல்வதுதான் எனக்கு இன்றைக்கும் ஜாக்கெட் பரீட்சை. அந்தக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

அப்புறம் மேக்கப். இங்கேயும் தோழியின் கண்தான் வேண்டும். பார்லரில் “ஒரு ஷேடு கூட்டிப் போட்டா போட்டோவுல நல்லா இருக்கும்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று ஆல்பம் முழுக்க நிற்கும். நம் மாநிறம் அழகான நிறம், அதை மறைத்துக்கொண்டு எதற்கு ஒரு அலங்காரம்? ஃபவுண்டேஷனை மணிக்கட்டில் தடவிப் பார்ப்பதில் பயனில்லை. தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, கால் மணி நேரம் பொறுத்து, வெளிச்சத்தில் வந்து நில்லுங்கள். சில வகைகள் நேரம் ஆக ஆகக் கறுத்துப்போகும். கோடு இருக்கும் இடம் தோழிக்குத் தெரியவில்லை என்றால் அதுதான் உங்கள் ஷேடு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் முழு மேக்கப்பையும் ஒருமுறை போட்டு, மின்விசிறி இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வியர்வையில் எது வழிகிறது என்று தெரிந்துவிடும். பூவை மட்டும் பார்லர் பொறுப்பில் விடாதீர்கள். மத்தியானம் மொட்டாக மல்லி வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால், மேடையில் நிற்கும்போது தலையில் மலரும்.

கண்மை, மஸ்காரா, லிப்ஸ்டிக் மூன்றையும் மட்டும் யாரோடும் பங்கு போடவேண்டாம், உயிர்த்தோழியாக இருந்தாலும் சரி. மெட்ராஸ் ஐ பரவ ஒரு கண்மைக் குச்சி போதும். லிப்ஸ்டிக்கில் உதட்டுக் கொப்புளம் தொற்றலாம்.

சரி, க்ரீம்.

என் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தெப்பக்குளத்துக்காரியே ஒரு டப்பா கொடுத்தாள். அவளுடைய சொந்தக்காரர் ஒருவர் வாங்கி வந்தது. அவளும் அதைத்தான் பூசிக்கொண்டிருந்தாள். பத்தே நாளில் முகம் கண்ணாடி மாதிரி ஆனது, தெருவே கேட்டது. கல்யாணம் முடிந்து நிறுத்தினேன். ஒரு வாரத்தில் கன்னம் இரண்டும் சிவந்து எரிய ஆரம்பித்தது, மோவாயில் பருவும் முடியும் வந்தன, அடுப்புப் பக்கம் போகவே முடியவில்லை. தோல் மருத்துவர் டப்பாவைப் பார்த்ததும் ஸ்டீராய்டு கலந்தது என்றார். இருவரும் சேர்ந்துதான் மருத்துவம் பார்த்தோம், எனக்கு எட்டு மாதம் ஆனது. அவள் என்னைப் பார்த்து அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. பாசத்தில் கொடுத்ததுதானே, அவளுக்கு எப்படித் தெரியும்?

பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்து அளவோடு பூச வேண்டியவை. சில சிவப்பழகு க்ரீம்களில் பாதரசமும் இருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் தோழி கொடுத்ததை எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், உரிம எண், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல், இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பூசாதீர்கள். ஏற்கெனவே சில வாரம் பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் வேண்டாம், ஸ்டீராய்டாக இருந்தால் எனக்கு ஆன மாதிரி ஆகும். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், பெரியாஸ்பத்திரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள், முடிந்தால் அந்தத் தோழியையும் கூட்டிக்கொண்டு.