கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்றவர்கள் யாரிடம் பேசுவது?

ஏழு வயது மகன் வயதுக்கு மீறிக் கேள்வி கேட்கிறான், பள்ளியிலும் உறவிலும் புரிந்துகொள்ள ஆளில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் இதே தவிப்பைக் கடந்த அம்மா என்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. காட்பாடி சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருந்தோம். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது தயாரான ஆண்டு என்று அவள் அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்ற ரயிலின் ஒவ்வொரு பெட்டிக்கும் வயது சொன்னாள். "அம்மா, தாத்தாவும் பேரனும் ஒரே ரயிலில் நிற்கிறார்கள்!" ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கையிலிருந்த பிஸ்கட் உடைந்துவிட்டது என்று தரையில் புரண்டு அழுதாள். "இத்தனை அறிவுள்ள பிள்ளை இதற்கா அழுவது?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். நானும் அதட்டிவிட்டேன். இன்று நினைத்தாலும் வலிக்கிறது. கணக்கில் அவளுக்குப் பத்து வயது. பிஸ்கட் உடைந்தால் ஆறு வயதுதான். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா!

பள்ளியில், சீக்கிரம் முடித்தாள் என்று அதே மாதிரிக் கணக்குகள் இன்னும் இருபது கொடுத்தார்கள். அவளுக்குக் கணக்கே வெறுத்துவிட்டது. "அதிகமாக வேண்டாம், கடினமாக ஒன்று போதும்" என்று ஆசிரியையிடம் நேரில் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், தயங்காதீர்கள். பிள்ளையின் தூக்கமோ சாப்பாடோ கெட்டால் மட்டும் தாமதிக்க வேண்டாம். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

மெல்லக் கற்கும் பிள்ளையின் தாய் கவலைப்பட்டால் ஊர் ஆறுதல் சொல்லும். நாம் வாய் திறந்தால் பெருமை அடிப்பதாக நினைக்கிறார்கள். கண்பட்டுவிடும் என்று வீட்டிலும் தடுப்பார்கள். நமக்கு முதலில் வேண்டியது, கூசாமல் பேச இன்னொரு பெற்றோர். சத்துவாச்சாரி அறிவியல் மையத்தில், மகனை வீட்டுக்குக் கிளப்ப முடியாமல் திண்டாடிய குடியாத்தத்துப் பெண்மணி எனக்கு அப்படித்தான் கிடைத்தார்.

ஒரு சனிக்கிழமை இரு குடும்பமும் வேன் பிடித்து, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகத்துக்குப் போனோம். அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. (பார்வையாளர் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.) திரும்பும்போது பிள்ளைகள் சனியின் வளையத்தைப் பற்றிச் சண்டையிட்டு, ஒரே போர்வைக்குள் தூங்கிப்போனார்கள். நானும் அந்தப் பெண்மணியும் வேலூர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.