முகம் மாறிய சனிக்கிழமை: 'தி டென்த் பிளானட்' கேள்வி பதில்

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை டிவி தொடரில் நாலு எபிசோடாக வந்த 'தி டென்த் பிளானட்' கதையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். அதன் கடைசி எபிசோட் 1966 அக்டோபர் 29, சனிக்கிழமை மாலை பிபிசியில் ஒளிபரப்பானது. கதாநாயகன் கீழே விழுந்து வேறொரு முகத்தோடு கிடந்தது அன்றைக்குத்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, நான் இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. கதை என்ன என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டாக்டர் என்பவர் டார்டிஸ் என்ற கால இயந்திரத்தில் ஊர் சுற்றும் வயதான மனிதர். கூடவே பாலி, பென் என்று இரண்டு இளைஞர்கள். மூவரும் தென் துருவத்தில் உள்ள ஸ்னோகேப் என்ற விண்வெளிக் கண்காணிப்பு நிலையத்துக்கு வந்து சேர்கிறார்கள். கதை நடப்பது 1986இல். எடுத்தபோது அது இருபது வருடம் தள்ளி இருந்த எதிர்காலம். பூமியைப் போலவே இருக்கும் மாண்டஸ் என்ற கிரகம் நெருங்கி வந்து பூமியின் சக்தியை உறிஞ்சுகிறது. அங்கிருந்து சைபர்மேன்கள் இறங்குகிறார்கள். புளூட்டோவையும் சேர்த்து அப்போது ஒன்பது கிரகம் என்பதுதான் கணக்கு, அதனால்தான் தலைப்பில் 'பத்தாவது'.

சைபர்மேன் என்றால் ரோபோதானே சார்?

நான் அக்காதான், பரவாயில்லை. ரோபோ இல்லை. அவர்களும் ஒரு காலத்தில் மனிதர்கள். ஆயுள் குறைந்துகொண்டே வர, உடம்பின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்திக்கொண்டவர்கள். கடைசியில் உணர்ச்சியும் பலவீனம்தான் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். இதை யோசித்தவர் கிட் பெட்லர், ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர். தொடரின் கதை ஆசிரியர் ஜெர்ரி டேவிஸும் அவரும் சேர்ந்து எழுதினார்கள். உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது 1967 டிசம்பரில் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே இந்தப் பயம் டிவிக்கு வந்துவிட்டது.

பின்னால் வந்த பளபளப்பான சைபர்மேன்களைவிட இவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் நடுங்கும். முகத்தைத் துணி மூடியிருக்கும், கை மட்டும் வெறும் மனிதக் கையாகவே இருக்கும். பேசும்போது வாய் ஒரு தடவை திறக்கும், உதடு அசையாது, உள்ளேயிருந்து இழுத்து இழுத்துப் பாடுவது போல் குரல் வரும். இரண்டாவது எபிசோடில் விண்கலத்தில் மாட்டிக்கொண்ட இருவர் சாகப் போகிறார்கள். உங்களுக்குக் கவலையே இல்லையா என்று பாலி துடிக்கிறாள். உங்கள் உலகம் முழுக்க ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் அவர்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லையே என்கிறான் சைபர்மேன். பாலியிடம் அதற்குப் பதில் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன்.

ஹார்ட்னெல்லை ஏன் மாற்றினார்கள்? துரத்திவிட்டார்கள் என்று படித்தேன்.

ஒரே காரணம் சொல்ல முடியாது. 1963 நவம்பர் 23இல் தொடங்கியதிலிருந்து வில்லியம் ஹார்ட்னெல்தான் டாக்டர். அவருக்கு ரத்தக்குழாய் இறுகும் நோய். வசனம் மனத்தில் நிற்பது கடினமாகிக்கொண்டே வந்தது. வாராவாரம் ஒரு எபிசோட் என்ற வேகம் 58 வயதில் உடம்பு தாங்காத வேலை. முந்தைய தயாரிப்பாளர் ஜான் வைல்ஸ் காலத்திலேயே ஆளை மாற்றும் பேச்சு எழுந்தது, மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து வந்த இன்னஸ் லாய்ட்தான் அதைச் செய்து முடித்தார்.

இந்தக் கதையின் மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். ஹார்ட்னெல்லுக்கு உடம்பு சரியில்லை, வரவே முடியவில்லை. டாக்டர் மயங்கி விழுவதாக மாற்றி எழுதி, வேறொருவரின் முதுகை மட்டும் காட்டி, அவருடைய வசனத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தன் கடைசிக் கதையிலேயே அவர் பாதி இல்லை. எனக்கு அது மனத்தைப் பிசையும். முரட்டு ராணுவ ஆளாகவே படங்களில் நடித்துக்கொண்டிருந்தவரைக் குழந்தைகள் கொண்டாட வைத்தது இந்த ஒரு வேடம்தான்.

அந்தக் காலத்தில் கிராபிக்ஸ் கிடையாதே, முகம் மாறுவதை எப்படி எடுத்தார்கள்?

தரையில் ஹார்ட்னெல், அதே மாதிரி படுத்த பேட்ரிக் டிரௌட்டன், அவர்தான் இரண்டாவது டாக்டர். ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக மாற்ற வேண்டும். ஒரு கேமராவின் படத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையைச் செய்யும் விஷன் மிக்ஸர் ஷெர்லி கவர்ட் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போய் முகத்தை வெள்ளையில் கரைத்தார். வெள்ளை அடங்கும்போது அங்கே வேறு ஆள். ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எந்த நொடியில் ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று பிடிக்க முடியவில்லை.

இது நம்ம ஊர்க் கதையில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தல்தானே?

இதைக் கேட்டவருக்கு நன்றி, நான் பேச நினைத்ததே இதைத்தான். கூடு விட்டுக் கூடு பாய இன்னொரு உடம்பு வேண்டும். உயிர் அப்படியே இருக்கும், வீடு மட்டும் மாறும். டாக்டருக்கு அப்படி இல்லை. அதே உடம்புதான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதோடு குணமும் நடையும் பேச்சும் மாறிவிடுகின்றன. ஆனாலும் ஆள் அவரேதான்.

இப்போது சைபர்மேனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் சாவைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான். சைபர்மேன் இருக்கிற தன்னை விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்து, பாகம் பாகமாக மாற்றிக் கடைசியில் மனிதனாகவே இல்லாமல் போகிறான். டாக்டர் முகம் உட்பட எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறார், டாக்டராகவே மிஞ்சுகிறார். என் இந்த உடம்பு தேய்ந்துகொண்டு வருகிறது என்று ஒரே ஒரு வரி சொல்வார், அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே கதையில் வைத்தது திட்டமிட்டா, தற்செயலா என்பது பற்றி எனக்குக் கவலை இல்லை. திரையில் இருக்கிறது.

டாக்டர் இந்தக் கதையில் ஒன்றுமே செய்யவில்லை என்கிறார்களே?

உண்மைதான். மாண்டஸ் அளவுக்கு மீறிச் சக்தியை உறிஞ்சித் தானாகவே அழியும் என்று அவருக்குத் தெரியும், காத்திருக்கிறார். ஓடியாடுவதெல்லாம் பென்தான். நிலையத்தின் தலைவர் ஜெனரல் கட்லர், விண்வெளியில் இருக்கும் தன் மகனைக் காப்பாற்ற மாண்டஸ் மேல் ராட்சத குண்டை ஏவப் பார்ப்பது அதைவிட வேகமான கதை. குறைதான், ஒத்துக்கொள்கிறேன்.

விண்வெளி வீரராக ஒரு கறுப்பின நடிகர் வருகிறாரே, யார் அவர்?

ஏர்ல் கேமரூன், பெர்முடாவில் பிறந்தவர். 1966 டிவியில் இது பெரிய விஷயம். 2020இல் தன் 102ஆவது வயதில் காலமானார்.

'ரீஜெனரேஷன்' என்ற சொல் அப்போதே இருந்ததா?

இல்லை. நவம்பர் 5இல் வந்த அடுத்த கதையில் டிரௌட்டன் தான் புதுப்பிக்கப்பட்டதாகச் சொல்கிறார். பழைய மோதிரம் அவர் விரலில் நிற்கவில்லை. பென் நம்பவே மாட்டான், பாலி நம்புவாள். 'ரீஜெனரேஷன்' என்ற சொல் 1974இல் மூன்றாவது டாக்டர் விடைபெறும் கதையில்தான் முதலில் வருகிறது. அதாவது அந்தச் சனிக்கிழமை பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஒரு பெயர்கூடக் கிடையாது.

நாலாவது எபிசோட் எங்கே கிடைக்கும் அக்கா? தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

முழுதாகக் கிடைக்காது தம்பி. பிபிசி பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது, வெளிநாட்டுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளும் குப்பைக்குப் போயின. முதல் மூன்று எபிசோட் இருக்கின்றன, நாலாவதைக் காணோம். முகம் மாறும் அந்தச் சில நொடி மட்டும் தப்பியது, 'புளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி 1973இல் அதை எடுத்துப் போட்டதால். ஒலி முழுதாக இருக்கிறது, அன்றைக்கு வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த ரசிகர்களால். அந்த ஒலியோடு அனிமேஷன் சேர்த்து 2013இல் டிவிடி வந்தது.

மூன்று எபிசோடையும் பார்த்துவிட்டு, நாலாவதை ஒரு தடவை படமே இல்லாமல் கேளுங்கள். கடைசியில் வசனம் எல்லாம் ஓய்ந்து, பென்னும் பாலியும் டார்டிஸின் கதவைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே இயந்திரத்தின் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும்.