செந்தூலிலிருந்து ஜெலுத்தோங் வரை: பிளஸ் ஹைவேயில் முதன்முறையாகத் தனியாகக் கார் ஓட்டப் போகிறவருக்கு

செந்தூலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஐயா, பினாங்கு ஜெலுத்தோங்கில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், நேரே அங்கே வந்துவிடுவார். நான்தான் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மைவியை ஓட்ட வேண்டும். கோலாலம்பூருக்குள் பத்து வருடமாக ஓட்டுகிறேன், ஆனால் பிளஸ் ஹைவேயில் ரவாங்கைத் தாண்டியதில்லை. டோலுக்கு எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்? எங்கே நிற்கலாம்? ஈப்போ தாண்டி மலையும் சுரங்கமும் வரும் என்கிறார்கள், அது பயமாக இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பிவிடு, ரோடு காலியாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரியா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்று மணிக்குக் கிளம்பாதீர்கள், சகோதரி. சாலைப் பராமரிப்பு வேலையில் பல வருடம் இருந்து, இப்போது வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். நம் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான். முதல் நாள் முழுக்கத் துணி எடுத்து வைத்து, சீர்த்தட்டு கட்டி, பிள்ளைகளைத் தூங்க வைத்து, இரண்டு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு எழுந்து வண்டியை எடுப்பார்கள். ரோடு காலியாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதிகாலை மூன்றிலிருந்து ஆறு வரை உடம்பு தூக்கத்தைக் கேட்டே தீரும் நேரம். காலியான நேரான சாலையும், ஒரே சீராக ஓடும் இஞ்சின் சத்தமும், பின்சீட்டில் எல்லாரும் தூங்குவதும் சேர்ந்தால் கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி தூங்கிவிடும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 30 மீட்டர் போகிறீர்கள், மூன்று விநாடி என்பது கிட்டத்தட்ட ஒரு பந்துத் திடலின் நீளம். 2007 ஆகஸ்ட் 13 அதிகாலையில் புக்கிட் கந்தாங் அருகே இதே நெடுஞ்சாலையில் ஒரு விரைவுப் பேருந்து விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் அந்த நேரத்துச் சாலை மன்னிக்காத சாலை.

முதல் நாள் இரவு பத்து மணிக்குப் படுத்து, காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வரும்போது ஜாலான் டூத்தா டோலைத் தொடுங்கள். மொத்தம் 350 கிலோமீட்டர் போல. நின்று நின்று போனாலும் மதியம் பன்னிரண்டுக்குள் பாலம் ஏறிவிடலாம். அப்படிப் போனால் இன்னொரு நன்மையும் உண்டு: தைப்பிங் பக்கம் மழைக்குப் பேர் போனது, அங்கே மதியத்துக்கு மேல் வானம் உடைந்துகொள்ளும், அதற்குள் நீங்கள் கடந்திருப்பீர்கள்.

அடுத்து டோல். பிளஸ்ஸில் 2017 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. டச் அன் கோ கார்டு, அந்தக் கார்டைச் செருகி நிற்காமல் போகும் ஸ்மார்ட்டேக் கருவி, 2022 ஜனவரியில் வந்த, காரில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி வில்லை ஆகியவை வழக்கமான வழிகள். ஜாலான் டூத்தாவிலிருந்து ஜூரு வரை மூடிய முறை, அதாவது நுழையும்போது தட்டுகிறீர்கள், வெளியேறும் இடத்தில் ஓடிய தூரத்துக்குக் காசு போகும். காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பு 13.6 சென்னாக இருந்தது, 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைத்து 11.15 சென் ஆக்கினார்கள். அந்தக் குறைப்புக்கு ஈடாகத்தான் பிளஸ் நிறுவனத்தின் டோல் உரிமை 2058 வரை நீண்டது. சரி, கணக்குக்கு வருவோம். ஜூரு வரை 35 ரிங்கிட் போல ஆகும், பினாங்கு பாலத்துக்கு 5.74 ரிங்கிட், அதுவும் தீவுக்குள் போகும்போது மட்டும்தான். போக வர 80 ரிங்கிட் பக்கம் வரும். கார்டில் 100 ரிங்கிட் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், நடுவழியில் மீதியைப் பார்க்கும் கவலை வேண்டாம்.

இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எந்தக் கார்டில் நுழைந்தீர்களோ அதே கார்டில்தான் வெளியேற வேண்டும். ஆர்எஃப்ஐடி தடத்தில் நுழைந்தால் ஆர்எஃப்ஐடி தடத்திலேயே வெளியேறுங்கள். நுழைவில் மருமகள் கார்டு, வெளியேறும்போது மாமியார் பையிலிருக்கும் கார்டு என்று மாற்றினால் இயந்திரத்துக்கு நீங்கள் எங்கே நுழைந்தீர்கள் என்று தெரியாது. அப்படி ஆகிவிட்டால் பின்னால் ரிவர்ஸ் எடுக்க வேண்டாம், அதுதான் ஆபத்து. ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு உதவிப் பொத்தானை அழுத்துங்கள், பணியாளர் வருவார்.

இப்போது சாலையைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் பயத்துக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. பலரும் இதை ஒரே சாலையாக நினைக்கிறார்கள், புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் என்று. ஆனால் இதைத் துண்டு துண்டாகத்தான் கட்டினார்கள். 1980-இல் நெடுஞ்சாலை வாரியம் அமைந்தது, அரசு தன் காசில் கட்டத் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் பொருளாதாரம் சறுக்கி, 1988-இல் வேலை பிளஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது, 1994 செப்டம்பரில் முழுசும் திறந்தார்கள். அரசே கட்டி முதலில் முடித்தவற்றுள் ஒன்றுதான் ஈப்போ – சங்காட் ஜெரிங் துண்டு, 1987-இல் திறந்தது. நீங்கள் பயப்படும் மலையும் மெனோரா சுரங்கமும் அதில்தான் வருகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் தரை வேறு, வளைவு வேறு, ஓட்டும் முறையும் வேறு.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சின்ன வயதில் அப்பா பழைய கூட்டரசு சாலையில்தான் பினாங்குக்குக் கூட்டிப் போவார். தஞ்சோங் மாலிம், தாப்பா, கம்பார், ஈப்போ என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, கோலக்கங்சார் தாண்டி புக்கிட் பெராப்பிட் வளைவுகளில் லோரிக்குப் பின்னால் ஊர்ந்து, காலையில் கிளம்பினால் பட்டர்வொர்த்தில் பெரி ஏறும்போது வெளிச்சம் போயிருக்கும். அம்மா மடியில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும், எங்களுக்கு வாந்தி வராமல் இருக்க. சுரங்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்களே, அது வந்துதான் அந்தப் பயத்தைத் தீர்த்தது.

ஜாலான் டூத்தாவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை வண்டிகள் அதிகம், தடங்களும் அதிகம், உங்களுக்குக் கோலாலம்பூர் பழக்கம் இருப்பதால் ஒன்றும் புதிதாகத் தெரியாது. அதற்கு மேல் பேராக்கின் பெரும்பகுதியில் ஒரு திசைக்கு இரண்டே தடம். இடதில் லோரி 80-இல் போகும், வலதில் பின்னால் ஒருவர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே ஒட்டி வருவார். புதியவர்கள் பதறி வேகத்தைக் கூட்டுவது இங்கேதான். கூட்டாதீர்கள். லோரியைத் தாண்டி முடித்து, உள்கண்ணாடியில் லோரியின் முகம் முழுசாகத் தெரிந்த பிறகு சிக்னல் போட்டு இடப்பக்கம் வாருங்கள். பின்னால் வருபவரின் அவசரம் உங்கள் பொறுப்பில்லை.

தாப்பா ஆர் அண்ட் ஆரில், அதாவது ஹைவே ஓய்விடத்தில், முதல் ஓய்வு. ஜாலான் டூத்தாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் போல ஆகியிருக்கும். நல்ல பெரிய இடம், கழிவறை, சாப்பாட்டுக் கடைகள், பெட்ரோல் எல்லாம் உண்டு. சைவம் என்றால் தயிர்சாதமும் இட்லியும் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், கடைகளில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் கடிதத்தின் கீழே மாமியாருக்கு இன்சுலின் போடுவதாக எழுதியிருந்தீர்கள். மருந்தைக் குளிர்ப் பையில் வைத்து, வண்டியை நிறுத்தி இறங்கும்போது கூடவே எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மூடிய கார் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். அவரைப் பத்து நிமிடம் நடக்க வையுங்கள், கால் வீங்காது. வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும், ஆகவே அவரை இடப்பக்கம் உட்கார வையுங்கள். சின்னவனுக்குக் குழந்தை இருக்கை 2020-லிருந்து கட்டாயம், பின்சீட்டில் எல்லாருக்கும் பெல்ட்டும் கட்டாயம்.

தாப்பாவுக்கும் கோப்பெங்குக்கும் நடுவில் சுண்ணாம்புக் குன்றுகள் வரும், குவா தெம்புரோங் பக்கம். அழகான இடம், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நீங்கள் பார்க்காதீர்கள். 1996 ஜனவரியில் இங்கே மண் சரிந்து ஒருவர் இறந்தார். மலையைக் குடைந்து சாலை போட்டால் சரிவை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், நீர் வடிய வழி செய்ய வேண்டும், கல்லைப் பிடிக்க வலை போட வேண்டும். ஓரத்துச் சரிவில் படிப்படியாகச் சிமெண்ட் பூசியிருப்பதும், நடுவில் வாய்க்கால் இறங்குவதும் உங்கள் கண்ணில் பட்டால், அதற்குப் பின்னால் வெயிலில் நின்று வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். ஓரக் கம்பத்தில் காற்றைக் காட்டும் ஆளுயரத் துணிப்பை பறந்தால் பக்கக் காற்று அடிக்கும் இடம் என்று பொருள், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ தாண்டியதும் ஜெலாப்பாங்கிலிருந்து ஏற்றம். வேக வரம்பு இறங்கும், பலகை 80 என்றால் 80-தான், கேமராவும் உண்டு. ஏற்றத்தில் லோரிகள் நடை வேகத்துக்கு வந்துவிடும், தூரத்திலேயே கவனியுங்கள். சுரங்கம் சுமார் 800 மீட்டர், ஒரு நிமிடம்கூட இருக்க மாட்டீர்கள். நுழையும் முன் விளக்கைப் போடுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், உள்ளே தடம் மாறாதீர்கள், அவ்வளவுதான். வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆர், அங்கே இரண்டாவது ஓய்வு. களைப்பில்லை என்றாலும் நில்லுங்கள்.

ஏன் கட்டாயமாகச் சொல்கிறேன் என்றால், என் அனுபவத்தில் கஷ்டமான துண்டு மலை இல்லை, அதற்கு அப்புறம் வருவதுதான். புக்கிட் மேராவிலிருந்து ஜாவி வரை தட்டையான நெல்வயலும் செம்பனையும், நேர்கோடு போட்டது போல. மலையில் பயத்தால் விழிப்பாக இருந்த மூளை இங்கே தளர்ந்துவிடும். கொட்டாவி இரண்டு முறை வந்தால் குனோங் செமாங்கோல் ஆர் அண்ட் ஆரில் நுழைந்து கைப்பேசியில் இருபது நிமிட அலாரம் வைத்துத் தூங்குங்கள். பாட்டுச் சத்தம், ஜன்னல் காற்று, மிட்டாய் எதுவும் தூக்கத்தை நிறுத்தாது.

வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அவசரத் தடத்தில் ஒதுக்கி, எல்லாரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். காருக்குள் உட்கார வைக்காதீர்கள், காருக்குப் பின்னால் நிற்கவும் வேண்டாம். அப்புறம் பிளஸ்லைன் எண் 1800-88-0000. அவர்கள் முதலில் கேட்பது கிலோமீட்டர் கல்லின் எண்ணும் எந்தத் திசை என்பதும். எண்கள் தாய்லாந்து எல்லையிலிருந்து தொடங்குவதால் நீங்கள் வடக்கே போகப் போகக் குறையும். ரோந்து வண்டி வரும். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லோரிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டி ஓடும்போது அவசரத் தடத்தில் முந்துவது சம்மனுக்குரிய குற்றம், அது ஆம்புலன்ஸின் பாதை.

கிளம்பும் முன் ஒரே ஒரு விஷயம் பாருங்கள் என்றால் டயரைச் சொல்வேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நகரத்துக்குள் 50-இல் ஓடும் பழைய டயர் ஹைவே சூட்டில் வெடிக்கும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், மாற்று டயரில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜூருவில் வெளியே வந்ததும் பிறை பக்கம் வண்டிகள் நெருக்கும், பாலத்துக்கான பலகையைப் பார்த்து முன்னதாகவே இடத்தடத்துக்கு வாருங்கள். பத்து காவானில் ஏறும் இரண்டாவது பாலத்தைக் கைப்பேசி காட்டினால் கேட்காதீர்கள், அது பத்து மாவுங்கில் இறக்கிவிடும். 1985-இல் திறந்த முதல் பாலம் குளுகோரில் இறங்கும், ஜெலுத்தோங் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

திரும்பி வரும்போது ஒரு மாற்றம். மெனோரா சுரங்கத்திலிருந்து ஜெலாப்பாங் வரை இப்போது நீண்ட இறக்கம். பிரேக் போன லோரிகள் ஓடி ஏறி நிற்க அங்கே தனிச் சரிவுப் பாதையே கட்டியிருக்கிறார்கள், அதன் வாயில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், கியரை டி-யிலிருந்து அதற்குக் கீழே உள்ள எண்ணுக்கு இறக்குங்கள். இஞ்சின் உறுமும், பயப்பட வேண்டாம், அது வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. லோரிக்கு நேர் முன்னால் மட்டும் போய் நிற்காதீர்கள். ஜூருவில் தட்டிய அதே கார்டை ஜாலான் டூத்தா வரும்வரை கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.