வண்டி கழுவும் வாட்டர் வாஷ் கடை போடலாமா, இருக்கும் கடையைப் பெரிதாக்கலாமா? – கேள்வி பதில்

சார், சேலம் பைபாஸ் பக்கம் 40-க்கு 60 அடி இடம் வாடகைக்கு வருது. எந்த பம்ப் வாங்கலாம்?

பம்பைக் கடைசியில் பார்ப்போம். தண்ணீர் எங்கிருந்து வரும், கழுவிய தண்ணீர் எங்கே போகும்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் பம்பில் ஒரு காருக்கு தண்ணீர் பீச்சும் கன்னை 8 முதல் 10 நிமிடம் அழுத்துவீர்கள் என்றால், 120 முதல் 150 லிட்டர். பைக்குக்கு 40 வைத்துக்கொள்ளுங்கள். தினம் 10 கார், 15 பைக் என்றால் 2,100 லிட்டர். அந்த இடத்து போர்வெல் மே மாதத்தில் எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் கேள்வி. கார்த்திகையில் பார்த்து ஏமாறாதீர்கள். 200 லிட்டர் டிரம்மை வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். லாரித் தண்ணீர் அவசரத்துக்குச் சரி, அதை நம்பிக் கடை போடக் கூடாது.

இப்போது பம்ப். தண்ணீரின் அழுத்தத்தை ‘பார்’ என்ற அளவில் சொல்வார்கள். பார் × நிமிட லிட்டர் ÷ 600 = கிலோவாட். 100 பார், 15 லிட்டர் என்றால் 2.5, உராய்வு நட்டம் சேர்த்தால் மூன்று சொச்சம். 5 ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் (3.7 கிலோவாட்) போதும். காருக்கு 80 முதல் 100 பாருக்கு மேல் தேவையில்லை. 200 பார் என்று விற்பவர் லிட்டரைச் சொல்லமாட்டார்; சேற்றைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் அளவுதான். அழுத்தம் கூடினால் மறுபெயின்ட் அடித்த பம்பரில் பெயின்ட் உரியும், ஸ்டிக்கர் பறக்கும். வீட்டு உபயோக சிங்கிள் ஃபேஸ் மெஷினை நாள் முழுக்க ஓட்டினால் மோட்டார் சூடேறியே போய்விடும்.

கும்பகோணத்தில் போடுறேன். தரை, கழிவுநீர்த் தொட்டி அளவு சொல்லுங்க.

ஒரு காருக்கு 12-க்கு 20 அடி. தரைக்கு 50-க்கு 1 சரிவு வேண்டும், அதாவது 20 அடிக்கு சுமார் 5 அங்குலம். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் நுரை தேங்கி, ஆள் வழுக்கி விழுவார். டைல்ஸ் வேண்டவே வேண்டாம். துடைப்பத்தால் கோடு இழுத்த சொரசொரப்பான கான்கிரீட் போதும். ஹாய்ஸ்ட் (வண்டியைத் தூக்கும் லிஃப்ட்) வைப்பதாக இருந்தால் கூரை 14 அடி உயரம். 6 அடி வண்டி 5 அடிக்கு மேல் ஏறும், மேலே கை வீசவும் இடம் வேண்டும்.

தொட்டி மூன்று அறை. ஒவ்வொன்றும் 3 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி நீர் ஆழம். சுமார் 425 லிட்டர். மூன்றும் சேர்ந்தால் 1,275. ஒரு பம்ப் நிற்காமல் ஓடினாலும் தண்ணீர் உள்ளே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் தங்கும். முதல் அறையில் மண் படியும், இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும், மூன்றாவதிலிருந்து தெளிந்தது வெளியேறும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: அறைகளுக்கு நடுவே மேல்மட்டத்தில் ஓட்டை போட்டால் எண்ணெயும் கூடவே போய்விடும். எல்போ (வளைவுக் குழாய்) வைத்து, குழாயின் வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மண்ணை வாரம் ஒருமுறை வாருங்கள்.

பாதாளச் சாக்கடையில் விடும் நீரில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 20 மில்லிகிராம், ஆறு குளத்தில் விடுவதற்கு 10, பிஹெச் (அமில, காரத் தன்மை) 5.5 முதல் 9. இவைதான் வரம்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவை இடத்தை முடிப்பதற்கு முன்பே விசாரியுங்கள். டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். ஹாய்ஸ்ட் சிலிண்டர் குழியைச் சுற்றி நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இல்லையென்றால் துரு உறுதி.

அண்ணே, 100 பார் காட்டின பம்ப் இப்ப 60-தான் காட்டுது. பம்பை மாத்தணுமா?

அவசரம் வேண்டாம். மலிவானதிலிருந்து வரிசையாகப் பாருங்கள். முதலில் நாசில் (கன்னின் முனை): மணல் கலந்த தண்ணீரில் துளை பெரிதாகி அழுத்தம் இறங்கும், புதுசு போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். அடுத்து உறிஞ்சு குழாயின் வடிகட்டி, கிளாம்ப். காற்று இழுத்தால் ஹோஸ் துடிக்கும், பம்ப் கடகடவென்று சத்தம் போடும். பம்பைவிட உயரத்தில் டேங்க் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. பிறகு அன்லோடர் வால்வு (கன்னை விட்டதும் தண்ணீரைத் திருப்பிவிடுவது), பெல்ட். கடைசியாகத்தான் உள் வால்வும் சீலும். பம்பின் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேரிங் போகும்.

ராமநாதபுரம். கறுப்பு கார் காய்ஞ்சதும் வெள்ளைப் புள்ளி. சாஃப்ட்னர் போட்டும் போகல.

சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு, குறையாது. புள்ளி விழத்தான் செய்யும், ஆனால் ஈரத்துணியில் போய்விடும். உப்புத் தண்ணீர் ஊரில் சிறிய ஆர்ஓ ஒன்று வைத்து, டிடிஎஸ் 50-க்குக் கீழ் உள்ள நீரைக் கடைசி அலசலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்; காருக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். வெயிலில் கழுவாமல் இருப்பது இதைவிட மலிவு.

எலக்ட்ரிக் ஸ்கூட்டரை பிரஷர்ல அடிக்கலாமா? ஐபி67-னு போட்டிருக்கே?

ஐபி என்பது தூசி, தண்ணீரைத் தாங்கும் தரக் குறியீடு. 67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினால் தாங்கும் என்பதற்கான சோதனை. கன்னின் பாய்ச்சலுக்கு வேறு சோதனை, 69. ஆகவே மோட்டார், சார்ஜிங் பாயின்ட், டிஸ்ப்ளே பக்கம் கன் போகக் கூடாது. ஷாம்பூ, குழாய்த் தண்ணீர், துணி.

ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வந்தா தப்பிக்கலாம்?

உதாரணத்துக்கு: வாடகை 15,000, இரண்டு ஆள் 30,000, தவணை 9,000, இதரச் செலவு 3,000. மொத்தம் 57,000. காருக்கு 400 வாங்கி, ஷாம்பூ, கரண்ட், தண்ணீர், டயர் டிரஸ்ஸர் என்று 50 போனால் கையில் 350. மாதம் 163 கார். 26 நாளுக்குப் பிரித்தால் தினம் ஆறு சொச்சம். 100 ரூபாய் பைக்கில் 15 செலவு போனால் நான்கு பைக் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கார். இதில் முதலாளி சம்பளம் இல்லை, பலரும் கணக்கில் எழுத மறப்பது அது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இரண்டு மாத வாடகையைத் தனியே வைத்திருங்கள்.

கோவை. ஞாயிறு ஆனா ரோடு வரைக்கும் வண்டி நிக்குது. இரண்டாவது பம்பும் ஹாய்ஸ்டும் போட்டுடலாமா?

முதலில் ஒரு வாரம் ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு நேரம் எழுதுங்கள்: வந்தது, கழுவ ஏறியது, கழுவி முடித்தது, போனது. பெரும்பாலான இடங்களில் கழுவ 15 நிமிடம்தான். வேக்குவம், துடைப்பு, டேஷ்போர்டு பாலிஷ் 25 நிமிடம். அதுவும் கழுவும் அதே இடத்திலேயே (வாஷிங் பே) நடக்கும். காருக்கு 40 நிமிடம் என்றால் 9 மணி நேரத்தில் 13 கார். கழுவியதும் வண்டியை நிழலுக்குத் தள்ளினால், ஏற்றி இறக்குவதையும் சேர்த்து 20 நிமிடத்துக்கு ஒன்று, 27 கார். செலவு: ஒரு ஷெட், ஒரு வேக்குவம் கிளீனர், துடைக்க ஒன்றிரண்டு ஆள். ஈரமான இடத்தில் பிளக் போடுவதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

அதன் பிறகும் கழுவ ஏறத்தான் வண்டி காத்திருக்கிறது என்றால் இரண்டாவது பே. ஆனால் ஒரே பம்பில் இரண்டாவது கன்னை மாட்டாதீர்கள். அதே நாசிலில் தண்ணீர் பாதியானால் அழுத்தம் காலாகும்: 100 பார் 25 ஆகிவிடும். அடிபாகம் கழுவும் வண்டி மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் இரண்டாவது ஹாய்ஸ்டும் வேண்டாம். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் கூட்டத்தை வைத்து எதையும் கட்டாதீர்கள். அன்றைக்கு டோக்கன் கொடுங்கள்.

பிஎம்இஜிபி மானியம் கிடைக்குமா?

சுயதொழில் கடனுக்கு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் இது. 2022 விதிப்படி சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை. மானியம் பொதுப்பிரிவுக்கு நகரில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி போன்றோருக்கு 25, 35. மானியம் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் முடங்கியிருந்து பிறகு கடனில் கழியும். நிலம் வாங்கும் பணத்தைத் திட்டத்தில் காட்ட முடியாது. ஏற்கெனவே ஓடும் கடைக்குப் புதிது என்று கேட்கவும் முடியாது. ஆகவே கடையைத் திறந்துவிட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

கழுவினதும் அடிபாகத்துல டீசல் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லி கஸ்டமர் கேக்கறாங்க...

மறுத்துவிடுங்கள். டீசல் பட்டால் ரப்பர் புஷ்ஷும் ரப்பர் உறையும் வீங்கும், தூசி இரட்டிப்பாக ஒட்டும். டீசலும் ஷாம்பூவும் கலந்தால் எண்ணெய் மிதக்காமல் கரைந்து மூன்று அறையையும் தாண்டிப் போகும். நீங்கள் கட்டிய தொட்டி வெறும் குழிதான்.