ஆசிட், சல்பைடு, தின்னர்: எதற்கு எந்தப் பம்பு? கேள்வி பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருபத்தாறு வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். அதில் பாதி நாள் பம்புகளோடுதான் போனது. கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஆசிட் பம்பு ஒண்ணு சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆசிட் என்று ஒரே பொருள் கிடையாது. எந்த ஆசிட், எத்தனை சதவீதம், எவ்வளவு சூடு, எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வாணியம்பாடி, டேனரி (தோல் பதனிடும் ஆலை) சூப்பர்வைசர்: சார், பிக்கிளுக்கு, அதாவது தோலை உப்பும் ஆசிடும் கலந்த தண்ணியில ஊறப்போட, சல்ப்யூரிக் ஆசிட் 98 சதவீதம் வாங்குறோம். கீழ் டேங்கிலிருந்து 15 மீட்டர் ஏத்தணும், மணிக்கு 5,000 லிட்டர். கடைக்காரர் 1 ஹெச்பி பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) பம்பு போதும்ங்கிறார். போதுமா?

போதாது. மோட்டாரும் போதாது, பிபியும் ஆகாது.

மோட்டாரை முதலில் பார்ப்போம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இந்த ஆசிட் ஒரு லிட்டர் 1.84 கிலோ. நீங்கள் சொன்ன அளவுக்குத் தண்ணீர் ஏற்ற, பம்பின் திறன் 40 சதவீதம் என்று வைத்தால், சுமார் அரை கிலோவாட் வேண்டும். கடைக்காரர் அந்தக் கணக்கில்தான் 1 ஹெச்பி சொல்லியிருப்பார். ஆசிடுக்கு அதே வேலை 0.94 கிலோவாட் கேட்கும். 1 ஹெச்பி என்பது 0.75 கிலோவாட்தான். மோட்டார் சூடாகி டிரிப் ஆகும்; இல்லாவிட்டால் காயில் எரியும். 2 ஹெச்பி போடுங்கள்.

அடுத்தது பம்பின் உடம்பு. நீர்த்த சல்ப்யூரிக்குக்கு பிபி நன்றாக உழைக்கும். 98 சதவீதத்தில் அது மெல்ல மெல்ல நொறுங்கும் தன்மைக்கு வந்து ஒரு நாள் விரிசல் விடும். விரிசல் வெளியே தெரியும்போது ஆசிட் வெளியே வந்திருக்கும். எஸ்எஸ் 316, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 98இல் அது ஓரளவு தாங்கும். ஆனால் இந்த ஆசிட் காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சும். பம்பைக் கழுவிவிட்டுச் சரியாக வடிக்காமல் விட்டாலும் உள்ளே அடர்வு இறங்கிவிடும். அந்த நடு அடர்வில் 316ஐ அது தின்றுவிடும். ஆகவே உள்ளே டெஃப்ளான் வகை லைனிங் போட்ட, சீல் இல்லாத, காந்தத்தால் சுழலும் மேக்னெட் பம்பு வாங்குங்கள். டேங்கு பம்பைவிட மேலே இருக்கட்டும். ஃபிளேன்ஜ் (குழாய் இணைப்பு) எல்லாவற்றுக்கும் கவசம் மாட்டுங்கள். பெரும்பாலும் பம்பைவிட முதலில் பீறிடுவது அந்த இணைப்புக்குள் இருக்கும் காஸ்கெட்தான்.

அதே நண்பர்: ஃபார்மிக் ஆசிடுக்கும் அந்தப் பம்பையே மாத்தி மாத்தி ஓட்டலாமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைப் பாருங்கள். அடர் சல்ப்யூரிக்குக்கு விட்டான் ரப்பர் போடுவார்கள், நன்றாக இருக்கும். ஃபார்மிக்கில் அதே விட்டான் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். ஃபார்மிக்குக்கு ஏற்றது ஈபிடிஎம் ரப்பர். அதைக் கொண்டுபோய் 98 சல்ப்யூரிக்கில் போட்டால் அதுவும் போய்விடும். சில ரூபாய் ரப்பர் வளையத்தால் பம்பு முழுக்கப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பேரணாம்பட்டு: எங்க டேனரில ஒரே ஏர் பம்புதான் (காத்துல ஓடுற டயாஃப்ரம் பம்பு). சுண்ணாம்புக் குழி சல்பைடு தண்ணிக்கும் அதான், பிக்கிள் ஆசிடுக்கும் அதான். நடுவுல தண்ணி விட்டுக் கழுவிடுறோம். பிரச்சனை வருமா அண்ணா?

தம்பி, இதை உங்கள் முதலாளிக்கும் படித்துக் காட்டுங்கள். இன்றைக்கே அந்தப் பம்பை ஏதாவது ஒரு திரவத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

முடி கழிக்கப் போடும் சோடியம் சல்பைடு, காரம் அதிகமாக இருக்கும்வரை தண்ணீரிலேயே அடங்கியிருக்கும். பிஎச் 10க்குக் கீழே இறங்க இறங்க ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறும். ஆசிட் பட்டால் மொத்தமாகக் கிளம்பும். டயாஃப்ரம் என்ற அசையும் சவ்வின் மடிப்பிலும், பால் வால்வு அடியிலும், ஹோஸின் வளைவிலும் கழுவிய பிறகும் சல்பைடு தண்ணீர் தங்கும். மிச்சம் கொஞ்சம்தான் என்று நினைக்காதீர்கள். அதைவிட மோசம், ஹோஸ் மாற்றி மாட்டப்படுவது. ஒரே பம்பு என்றால் ஒரே ஹோஸ், ஒரே கப்ளிங். ராத்திரி ஷிப்டில் புது ஆள் ஆசிட் ஹோஸைச் சல்பைடு குழியில் விட்டால் தடுக்க எதுவும் இல்லை.

அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். அதை நம்பக் கூடாது. காற்றில் 100 பிபிஎம் அளவு வந்ததும் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 700ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுவார். காற்றைவிடக் கனமானதால் குழியிலும் தரையோரத்திலும் தேங்கும். நம் பக்கத்து டேனரிகளில் பல உயிர்கள் இப்படிப் போயின: ஒருவர் விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்தார்.

சல்பைடுக்கு ஒரு பம்பு, ஆசிடுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் கப்ளிங் அளவே வேறாக இருக்கட்டும், ஒன்றில் 1 அங்குலம், மற்றதில் ஒன்றரை. தவறாக மாட்ட நினைத்தாலும் மாட்டாது. சல்பைடுக்கு ஒரு நிறம், ஆசிடுக்கு வேறு நிறம் என்று பம்பு, ஹோஸ், வால்வு எல்லாவற்றிலும் பெயின்ட் அடித்து, பெயரைத் தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். இப்போது வேலைக்கு இருப்பவர்களில் பலர் வடநாட்டுப் பிள்ளைகள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஸ்டோர்ஸ்: தின்னர், அதாவது டொலுவீன், அசிட்டோன், 200 லிட்டர் பேரலிலிருந்து கேனுக்கு மாத்தணும். பிளாஸ்டிக் பேரல் பம்பு வெச்சிருக்கோம்.

மாற்றிவிடுங்கள். அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலும், டொலுவீன் 4 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். ஆம்பூர் மே மாதத்தில் ஸ்டோர்ஸுக்குள் என்ன சூடு என்று உங்களுக்குத் தெரியும். திரவம் பிளாஸ்டிக்கில் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். சாதாரண பேரல் பம்பு மோட்டாரில் கார்பன் பிரஷ் வேறு பொறி விடும்.

எஸ்எஸ் உடம்புள்ள ஏர் பம்போ, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் உள்ள ஃபிளேம்ப்ரூஃப் (தீ வெளியே பரவாத) மோட்டாரோ வேண்டும். ஹோஸ் மின்சாரம் கடத்தும் வகை. கேனும் இரும்பாக இருக்கட்டும். பேரல், பம்பு, கேன் மூன்றையும் செப்புக் கம்பியால் இணைத்து எர்த் கொடுங்கள். கிளிப் பெயின்ட் மேல் அல்ல, வெறும் இரும்பில் கடிக்க வேண்டும். குழாய் முனை கேனின் அடியில் முங்கும்வரை மெதுவாக விடுங்கள். 1 அங்குலக் குழாயில் நிமிஷத்துக்கு 30 லிட்டருக்கு மேல் வேண்டாம். பேரலுக்குள் கம்ப்ரஸர் காற்று விட்டு வெளியேற்றும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று: 40 டிகிரியில் அசிட்டோனின் ஆவி அழுத்தமே காற்றழுத்தத்தில் பாதிக்கு மேல். ஆழத்திலிருந்து உறிஞ்ச வைத்தால் பம்புக்குள்ளேயே ஆவியாகிக் கடகடவென்று சத்தம் வரும்.

ராணிப்பேட்டை, பிளேட்டிங்: ஹெச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) 33 சதவீதத்துக்கு பிபி மேக்னெட் பம்பு. ஆறு மாசத்துல ரெண்டு தடவை புஷ் உடைஞ்சிடுச்சு. கம்பெனி சரியில்லையா?

பிபி சரியான தேர்வு. ஹெச்சிஎல் பக்கம் 316ஐ விட்டிருந்தால் ஆறு மாசமே தாங்கியிருக்காது. உங்கள் பம்பு டேங்கு காலியான பிறகும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். மேக்னெட் பம்பின் புஷ்ஷுக்கு, அதாவது தண்டைத் தாங்கும் வளையத்துக்கு, அந்தத் திரவம்தான் எண்ணெய். காய்ந்து ஓடினால் சூடாகும், திரும்ப ஆசிட் வந்து பட்டதும் புஷ் விரிசல் விட்டு உடையும். ஒரு டிரை-ரன் ரிலே மாட்டுங்கள். திரவம் இல்லாதபோது கரன்ட் குறைவதைப் பார்த்து அதுவே நிறுத்திவிடும்.

குடியாத்தம், சாயப்பட்டறை: காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்) 48 சதவீதம். மார்கழில மட்டும் காலைல பம்பு இழுக்கல.

லை கெட்டியாகிறது. 50 சதவீதம் 12 டிகிரி வாக்கில் உறையும். அதற்கு முன்பே கூழ் மாதிரி ஆகிவிடும். வெயில் ஏறியதும் ஓட்டுங்கள். முடிந்தால் 30 சதவீதமாக வாங்குங்கள். விட்டான், அலுமினியம், பிவிடிஎஃப் பிளாஸ்டிக் மூன்றும் இதற்கு ஆகாது.

மேல்விஷாரம்: பாய், குரோம் தண்ணி பம்புல, தண்டு வெளிய வர்ற கிளாண்ட்ல செகண்டுக்கு ஒரு சொட்டு விழுது. பம்புன்னா சொட்டத்தானே செய்யும்?

தண்ணீர் பம்பென்றால் சரி, கிளாண்ட் கயிறு சொட்டினால்தான் எரியாமல் இருக்கும். நீங்கள் ஓட்டுவது தோல் பதனிடும் குரோம் தண்ணீர். செகண்டுக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் வரும். அது எங்கே போகிறது பாய்? பாலாற்று மணலுக்குத்தானே? 1996இல் வேலூர் டேனரிக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்கு இந்த மண் கெட்டுக் கிடந்தது. இரட்டை மெக்கானிக்கல் சீல் போடுங்கள், அல்லது சீலே இல்லாத பம்புக்கு மாறுங்கள். அதுவரை அடியில் தட்டு வைத்து, சேர்ந்ததைக் குரோம் டேங்கிலேயே திரும்ப ஊற்றுங்கள்.

காட்பாடி: ஏர் பம்பு காய்ஞ்சு ஓடினாலும் ஒண்ணும் ஆகாது, வால்வு மூடினாலும் ஒண்ணும் ஆகாதுன்னா எல்லாத்துக்கும் அதையே வாங்கிடலாமே?

அவசரத்துக்கு அதைவிட நல்ல பம்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் கம்ப்ரஸர் கரன்ட் பில் கையைச் சுடும். டயாஃப்ரம் கிழிந்தால் ஆசிட் சைலன்ஸர் வழியாகப் பீய்ச்சும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படும். சைலன்ஸரைக் கழற்றி, அந்த வாயிலிருந்து ஒரு குழாயை மேலே கொண்டுபோய் விடுங்கள்.

ஆற்காடு: கழிவுக் குழியில ஃபூட் வால்வு (உறிஞ்சுற குழாயோட அடி வால்வு) அடைச்சுக்குது. மாசத்துக்கு ஒரு தடவை ஆள் இறங்கி எடுக்கிறார்.

இனி இறக்காதீர்கள். அங்கே அடியில் சேற்றோடு சல்பைடும் கிடக்கும். ஃபூட் வால்வையே எடுத்துவிடுங்கள். சேறு தாங்கும் சப்மெர்சிபிள் பம்பைச் சங்கிலியில் கட்டி, வழிகாட்டிக் கம்பியில் இறக்கினால், அடைத்தாலும் மேலே இழுத்துக் கழுவலாம். பம்பு வரும்வரை குழி வாயைக் கம்பி வலை போட்டு மூடிப் பூட்டுங்கள். அடைப்புக்கு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.