பைராட்ஸ் 4ஏ: பயாப்ஸிக்குப் பயப்படாதீங்க

தங்கச்சி, உங்களுக்கு வயசு 33, கோலாலம்பூர் செந்தூல்ல எடுத்த மார்பு அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்ல "பைராட்ஸ் 4ஏ, பயாப்ஸி தேவை"ன்னு, அதாவது ஊசியால சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கணும்னு போட்டிருக்கு, ஊசி குத்தினா கட்டி பரவிடும்னு மாமியார் தடுக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க.

பைராட்ஸ்ங்கிறது மார்புப் படத்தைப் பார்த்து, சந்தேகம் எவ்வளவுன்னு டாக்டர் போடுற தரம். அதுல 4ஏ என்றால் புற்றுநோயா இருக்க வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம்தான். 100 பேரில் குறைந்தது 90 பேருக்கு அது சாதாரணக் கட்டி. ஆனா நீங்க எந்தப் பக்கம்னு படத்தை வெச்சுச் சொல்ல முடியாது, சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்தாதான் தெரியும். ஊசியால நோய் பரவி ஆயுள் குறையும்கிறதுக்கு ஆதாரமே இல்லை.

நானும் செஞ்சுக்கிட்டவதான். மரத்துப்போக ஊசி போட்டாங்க. திரையில ஊசி வெள்ளைக் கோடா கட்டிக்குள்ள இறங்கினது தெரிஞ்சது. அப்புறம் ஸ்டேப்ளர் அடிச்ச மாதிரி "டக்"னு ஒரு சத்தம். யாரும் முன்கூட்டியே சொல்லாததால துள்ளிட்டேன். நீங்க துள்ளக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

மெமோகிராமும் (மார்பு எக்ஸ்ரே) கேட்டா மறுக்காதீங்க. இள வயசுல மார்புத் திசு அடர்த்தியா இருக்கும். மெமோகிராம் படத்துல அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனாலதான் முதல்ல அல்ட்ராசவுண்ட் எடுத்திருப்பாங்க. ஆனா மார்புல படியற பொடிப்பொடி சுண்ணாம்புப் (கால்சியம்) புள்ளிகளை மெமோகிராம்தான் நல்லாக் காட்டும். அன்னிக்கு பவுடர், டியோடரண்ட் போடாதீங்க, அதுவும் புள்ளியா விழும்.

தனியார் செலவு தாங்காதுன்னா, ரிப்போர்ட்டோட அரசாங்க கிளினிக்குக்குப் போய், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்க. தேதி ரொம்பத் தள்ளிக் கொடுத்தா அந்த 4ஏ வரியைக் காட்டுங்க. மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.